நடுவில் ஒரு குறை

கொளஞ்சிநாதன் சபைக்கு முதுகைக் காட்டியபடியே ஏழு நிமிடம் பேசி முடித்தார். மதிப்பீடு சொல்ல எழுந்த நான்சி, "முதுகுலயே தன்னம்பிக்கை தெரிஞ்சுதுங்க சார்" என்றாள்.

டவுன்ஷிப்பில் ஞாயிறுதோறும் கூடும் அந்தப் பேச்சாளர் கிளப்பில் மதிப்பீட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு நிறை, நடுவில் ஒரு குறை, கடைசியில் ஒரு நிறை. தலைவர் சைமன்ராஜ் அதை அட்டையில் எழுதி மேசைமேல் நிறுத்தியிருந்தார். சேர்ந்து மூன்று மாதமாகியும் நான்சி நடுவில் இருப்பதை மட்டும் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அப்படித்தான். மாமியார் வைத்த குழம்பில் உப்புக் கூடினால், இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொள்வாள்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்றுதான் சைமன்ராஜ் இந்தப் புது உறுப்பினரை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

"மைன்ஸ்காரர். முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டயர்மென்ட். வழியனுப்பு விழாவுல ஏற்புரை சொல்லணும். மாசம் முழுக்க நீங்கதான் இவருக்கு மதிப்பீடு சொல்லணும்."

தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்த கொளஞ்சிநாதன் கும்பிட்டார். "செக்‌ஷனே வருது மேடம். மானத்தைக் காப்பாத்திக் குடுங்க."

அன்று அவர் தாளால் முகத்தை மூடிக்கொண்டு படித்தார். தாள் நடுங்கவில்லை என்று நான்சி பாராட்டினாள். இரண்டாம் வாரம் தாளைக் காணோம், முகத்தையும் காணோம். முதுகுதான்.

மூன்றாம் வாரம் இருபத்தேழு நிமிடம் பேசினார். நேரம் முடிந்ததென்று சிவப்பு அட்டை காட்டியவருக்கும் நன்றி சொன்னார். நைட் ஷிப்டில் தூங்கியவர்களுக்கும் பேர் பேராக நன்றி, யார் எங்கே தூங்கினார் என்ற விவரத்தோடு.

"ஞாபக சக்தி அபாரம்" என்றாள் நான்சி.

"அப்ப இதையே வச்சுக்கவா மேடம்?"

"வச்சுக்குங்க சார்."

எந்த ஷிப்டாக இருந்தாலும் ஞாயிறு தவறாமல், மனைவி விஜயகுமாரியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிற மனிதர். அந்த ஆர்வத்தைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

தெர்மல் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் நான்சியின் கணவன் ஜெரால்டு இதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினான்.

"நீ நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கினே இரு. தூங்கினவன் எல்லாம் அன்னிக்கு எதிர்ல உக்காந்திருப்பான். மனுசன் மாலையோட வீடு திரும்புவாரா?"

"குறை சொன்னா மூஞ்சி வாடிடுங்க."

"இப்ப உன் முன்னால வாடும். சொல்லலன்னா செக்‌ஷன் முன்னால வாடும். அங்க நீ இருக்க மாட்ட, அவ்ளோதான்."

நான்சிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அதை இரக்கம் என்றே நினைத்திருந்தாள். வாடும் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாததற்கு வைத்த நல்ல பெயராக இருக்குமோ?

இருபத்தெட்டாம் தேதி, கடைசி ஞாயிறு. கொளஞ்சிநாதன் நேராக நின்றார். முகம் தெரிந்தது. நான்சி மூச்சு விட்டாள்.

"முப்பத்தஞ்சு வருசம் என்கூடக் குடும்பம் நடத்தின என் அருமை மனைவி..."

நிறுத்தினார். பையிலிருந்து தாளை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"விஜயகுமாரி" என்று படித்தார்.

விஜயகுமாரி முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான்சி எழுந்தாள். உச்சரிப்பு சுத்தம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பொண்டாட்டி பேரை யாராவது பேப்பர் பாத்துப் படிப்பாங்களா சார்? தூங்கினவங்க பேரெல்லாம் மனப்பாடம், இவங்க பேரு மட்டும் பேப்பர்லயா? மொத வாரம் மூஞ்சியே தெரியல. அடுத்த வாரம் திரும்பி நின்னீங்க. அப்புறம் நிறுத்தவே இல்ல. மூணே நிமிசம், மூணே பேருக்கு நன்றி. அவங்க கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா மேடை ஏறாதீங்க!"

கடைசியில் ஒரு நிறை சொல்ல வேண்டும். தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

கொளஞ்சிநாதன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சைமன்ராஜ் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்சி முதல் வரிசைக்கு ஓடினாள். "மன்னிச்சிடுங்கம்மா. விழாவுக்கு மூணு நாள் இருக்கிறப்ப அவரை அழவச்சிட்டேன்."

விஜயகுமாரி பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து இடம் கொடுத்தார்.

"உக்காரு பாப்பா. அவரு அழுவல, சிரிக்கறாரு. ரிட்டயராயி மூணு வருசம் ஆவுது. உன் வாயிலருந்து ஒரு குறையை வரவைக்கத்தான் சைமன் தம்பி கூட்டியாந்துச்சு. இன்னிக்கும் நீ நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா, அடுத்த வாரம் நான் பேசறதா இருந்தது."