இடக்கையில் ஒரு கட்டு

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி, பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். நுகேகொடையில் எங்களுக்குக் கார் விற்ற கொம்பனியோடு தனியாளாக மோதுவேன். வெல்வேன். மனைவியை இதற்குள் விடமாட்டேன்.

கடைசி வசனத்தை மட்டும் மனதுக்குள் சொன்னேன். வெள்ளவத்தை ஃபிளாட் என்பது அப்படி. குளியலறையில் முணுமுணுத்தால் குசினியில் சமைக்கிறவளிடமிருந்து பதில் வரும்.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஜப்பான் கார் வாங்கியிருந்தோம். அங்கே ஓடி, இங்கே வந்து புதுசு என்று பெயர் எடுத்த கார். ஓட்டோ கியர். ஓட்டோ கியர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் என் மனைவி பாக்கியலெட்சுமி. என் முழங்கால் நோவை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிப் போயிற்று.

அந்தக் கியர் இப்போது சண்டித்தனம் பண்ணத் தொடங்கியிருந்தது. லீவரை ‘டி’யில் போட்டால் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு யாரோ பின்னால் உதைத்ததுபோல் ‘டங்’ என்று பாயும். காலி வீதியில் எஞ்சின் ஊரைக் கூட்டிக் கத்தும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். வாரண்டி மார்ச் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது.

அதைவிடப் பெரிய அவசரமும் இருந்தது. யுத்தத்தில் மூடிய யாழ்ப்பாணப் பாதையை ஏப்ரலில் திறக்கப்போகிறார்கள் என்று வெள்ளவத்தை முழுக்க ஒரே கதை. பாக்கியத்தின் தங்கை பாலேஸ்வரி அங்கே இருக்கிறாள். ஆறு வருடமாகக் கடிதத்தில் மட்டும் கண்ட தங்கை.

“பாதை திறந்த முதல் கிழமையே போறம். எங்கடை காரிலை போறம்” என்று அறிவித்துவிட்டாள் பாக்கியம். தங்கைக்கென்று தேசிக்காய் ஊறுகாயும் போட்டு, பல்கனி வெயிலில் வைத்துவிட்டாள். அந்தப் போத்தலைக் காணும்போதெல்லாம் நான் மார்ச்சில் மிச்சமுள்ள நாட்களை எண்ணுவேன்.

முதலில் நானே வைத்தியம் பார்த்தேன். எஞ்சினை நிறுத்தி, கியர் ஒயில் கம்பியை உருவிப் பார்த்து, “ஒயில் கூடிப்போச்சு. அதுதான் மூச்சு முட்டுது” என்றேன்.

“காருக்கோ?” என்றாள் பாக்கியம்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் பேர்னாட்டின் கராஜுக்குப் போனோம். நான் கூப்பிடாமலே பாக்கியம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பேர்னாட் அந்தப் பகுதியில் பேர்போன மெக்கானிக்.

“எஞ்சின நிப்பாட்டிட்டா ஒயில் பாத்தீங்க?” என்றான். “ஓட்டோ கியர்ல எஞ்சின் சூடாகி, ஓடிக்கிட்டு இருக்கிறப்பத்தான் பாக்கணும் சேர்.”

கம்பியை உருவி என் மூக்கின் கீழ் பிடித்தான். அடிப்பிடித்த பால் மாதிரி மணந்தது.

“உள்ளுக்குப் பிளேட் தேயுது சேர். ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீங்க. ஓடிக்கிட்டு இருக்கிறப்ப நியூட்ரல்ல போட்டு உருள விடுறீங்களா?”

“சீச்சீ! என்ன கதை கதைக்கிறீர்!”

“அப்படி விட்டுட்டு, ஓட்டத்திலேயே திரும்ப ‘டி’யில போட்டா, கியர் பெட்டி கொஞ்ச நாள்ல கும்பிடு போட்டுரும். அதான் கேட்டேன்.”

“நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.”

பாக்கியம் கராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாரண்டி இருக்குன்னா நான் தொட மாட்டேன் சேர். நான் ஒரு ஆணியக் கழட்டினா, அவன் கையை விரிச்சிருவான். வித்தவன்கிட்டயே போங்க.”

வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன். நான் அப்பிடிப்பட்ட ஆள்தான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டியவன் நான். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கூட்டம். கொஞ்சம் வேகம் பிடித்ததும் நியூட்ரலில் போட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தில் இறக்கமே கிடையாது. ஆனாலும் உருள்வோம். சந்தைக்குப் பாதி வழி எஞ்சின், மீதி வழி நம்பிக்கை. தடை போய், ஊர் மாறி, காரும் மாறிவிட்டது. இடக்கை மாறவில்லை. கொஞ்சம் வேகம் கண்டால் என்னைக் கேளாமலே லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். பெற்றோல் ஷெட் நூறு யார் தூரத்தில் இருந்தாலும் தள்ளும்.

இது ஹெக்டருக்குத் தெரிந்தால் வாரண்டி அம்போ.

ஹெக்டர் என்பவர் கார் கொம்பனியின் சேர்விஸ் மனேஜர். மெலிந்த, சிரிக்காத மனிதர். முதல் தரம் போனபோது, “இந்த மொடல் அப்படித்தான், பழகினால் சரிவரும்” என்று சிங்களத்தில் சொன்னார். நானும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தேன். ஆள் எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். எனது சிங்களத்தில் அது சண்டையாக விளங்கவில்லை போலும்.

இரண்டாம் தரம், “கொழும்பு றோட்டில் சோதனைச் சாவடிக்குச் சாவடி நின்று நின்று போனால் எந்தக் கியரும் களைக்கும்” என்றார்.

“சாவடியளை இப்ப கழட்டுறாங்கள்தானே?” என்றேன்.

“அப்படியென்றால் கியரும் சரிவரும்” என்றார்.

மார்ச் இருபத்தைந்தில் அவரே ரெலிபோன் எடுத்தார். அடுத்த நாள் பத்து மணிக்குக் காரைக் கொண்டுவரட்டாம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறாராம்.

ஹைலெவல் வீதியில் அந்தக் கொம்பனிக்குப் பக்கத்திலேயே ஒரு இறக்கம் இருக்கிறது. என் இடக்கைக்கு அது பிடித்தமான இறக்கம்.

விடிய எழும்பி ஒரு திட்டம் போட்டேன். சாதாரணத் திட்டமல்ல. மருந்துப் பெட்டியிலிருந்து பண்டேஜை எடுத்து, இடக்கையின் ஐந்து விரலையும் சேர்த்து, மணிக்கட்டிலிருந்து நகம்வரை சுற்றினேன். கை ஒரு பலாக்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. லீவரைப் பிடித்துத் தள்ள விரல் வேண்டுமே? விரலே இல்லை. ஒருமுறை சுற்றிப் பார்த்து என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“இஞ்சாருங்கோ, கையிலை என்ன?”

“சுளுக்கு.”

“எப்ப சுளுக்கினது?”

“நித்திரையிலை.”

“ஐயோ பாவம். வலக்கை சுகமோ?”

“ஓம், ஓம். ஓட்டுறதுக்கு அது காணும்.”

“அப்ப நானும் வாறன். சுளுக்குக் கையோடை தனிய விடேலாது.”

“ஆம்பிளையள் கதைக்கிற இடத்திலை நீர் ஏனப்பா?”

“நான் கதைக்கேல்லை. சும்மா இருக்கிறன்.”

வாக்கு மாறாமல் நுகேகொடைவரை சும்மா வந்தாள். மடியில் கைப்பை. நான் ‘டி’யில் போடப் பட்டபாட்டை எழுத முடியாது. இரண்டு முழங்கையும் ஒரு நாடியும் தேவைப்பட்டன.

ஹெக்டர் வாசலில் நின்றார். காரைப் பார்க்கமுதல் என் கையைப் பார்த்தார்.

“என்ன இது?”

“சின்னச் சுளுக்கு. பரவாயில்லை.”

“கை சுகமில்லாதவரை எங்கள் கொம்பனி ஓட விடாது, மிஸ்டர் நாகேந்திரம். விபத்து என்றால் நான் பதில் சொல்லவேண்டும்.”

“நான் ஓட்டுவன்! இப்பவும் ஓட்டிக்கொண்டுதானே வந்தனான்!”

“அதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். வேறு யாராவது ஓட்டுவார்களா? இல்லையென்றால் அடுத்த மாதம் வாங்கோ.”

அடுத்த மாதம்! வாரண்டி முடிந்துவிடும். பாதை திறந்துவிடும். நான் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு எங்கே போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பாக்கியம் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு லைசென்ஸ் வந்தது. புத்தம் புதுசு. படத்தில் என் மனைவி.

“நான் ஓட்டுறன்” என்றாள், என்னுடையதைவிட நல்ல சிங்களத்தில்.

நான் பின் சீட்டில் ஏற்றப்பட்டேன். ஹெக்டர் முன்னுக்கு. பாக்கியம் கண்ணாடியைச் சரிபார்த்தாள், சிக்னல் போட்டாள், தேர் வடம் இழுத்த மாதிரி மெதுவாகக் கிளப்பினாள். அந்த இறக்கம் வந்தது. என் பலாக்கொட்டை துள்ளிற்று. அவள் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவேயில்லை. ஆனாலும் சந்தியில் கார் ‘டங்’ என்றது. அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் கத்த, கார் நின்று முழித்தது.

ஹெக்டர் பெருமூச்சு விட்டார். “மேடம் சரியாகத்தான் ஓட்டுகிறீர்கள். பழுது காரில்தான்.”

இரண்டு நாளில் பெட்டியைக் கழற்றிப் பார்த்து உண்மையைச் சொன்னார்கள். ஜப்பானிலிருந்து வரும்போதே உள்ளே ஒரு சீல் போய்விட்டிருந்ததாம். வேறு பெட்டி இலவசமாகப் பூட்டுவார்களாம், அதற்குப் புதிதாக ஆறு மாத வாரண்டியும் உண்டாம். ஹெக்டர் சொல்லிவிட்டு என் கையை ஒருமுறை பார்த்தார். “பழுது பழசு. ஆனால் யாரோ அதை விரட்டி வேலை வாங்கியிருக்கிறார்கள்.” நான் கூரையைப் பார்த்தேன். ஒரு கடதாசியை நீட்டினார். சந்தோசத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

புதுப் பெட்டியோடு காரை எடுக்கப் போன அன்று, கட்டை அவிழ்த்த கையோடு கம்பீரமாகச் சாரதிக் கதவைத் திறந்தேன். பாக்கியம் ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

“கடதாசியை வாசிக்கேல்லையோ? நான் ஓட்டினால்தான் வாரண்டி. நீங்கள் ஓட்டினால் செல்லாது. கையெழுத்து உங்கடை.”

“இது எந்த ஊர்ச் சட்டம்?”

“நான் கேட்டு எழுதுவிச்சது. காரிலை ஏறி ஓடிப் பாருங்கோ எண்டு ஹெக்டருக்கு முதல்லை ரெலிபோன் எடுத்ததும் நான்தான். பிறகுதான் அவர் உங்களுக்கு எடுத்தவர்.”

“அப்ப... என்ரை கை விஷயம்...”

“பத்து வருசமா உங்கடை இடக்கையைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். அண்டைக்கு நீங்கள் கட்டுப் போடாட்டில் நான் கதவுக்குள்ளை வைச்சுச் சாத்தியிருப்பன்.”

“எப்பவடியப்பா கார் பழகினனீர்?”

“வெள்ளிக்கிழமையிலை.”

“வெள்ளிக்கிழமையிலை பம்பலப்பிட்டிக் கோயிலுக்கெல்லோ போறனீர்! திருநீறு கொண்டுவந்து தந்தனீரே!”

“அது எங்கடை சாமியறைத் திருநீறு. நீங்கள் பயபக்தியோடை பூசினனீங்கள்.”

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவள் காலி வீதிப் பஸ்களுக்கிடையே அந்தக் காரைக் கொண்டுபோன அழகைப் பார்த்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கார் ஒரு ‘டங்’கும் இல்லாமல் போனது.

ஏப்ரலில் பாதை திறந்தது. விடிய முன்னமே புறப்பட்டோம். அவள் ஓட்ட, நான் இடப்பக்கம். தம்புள்ளை தாண்டி ஒரு நீண்ட, அருமையான இறக்கம் வந்தது. இடக்கை பழகிய பழக்கத்தை வலக்கையும் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கவேண்டும். லீவரை நோக்கி அது மெல்ல நகர்ந்தது.

பாக்கியம் றோட்டிலிருந்து கண் எடுக்காமலே என் மடியில் ஊறுகாய்ப் போத்தலை வைத்தாள்.

“மூடி சரியா இறுகேல்லை. சரிஞ்சால் சீட்டெல்லாம் நாசம். இரண்டு கையாலும் நேராப் பிடியுங்கோ.”

வவுனியா கடந்தது. அவள் தங்கையைப் பற்றிப் பாடாத குறையாகக் கதைத்துக்கொண்டே ஓட்டினாள். சாவடிகளில் இறங்கி ஏறினோம், வெயில் எரித்தது, நான் போத்தலை ஒரு பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் இருந்தேன்.

அன்று பின்னேரம் பாலேஸ்வரி வீட்டில், அந்த மூடியைத் திறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.