சாலைவழிச் சுவைப் பயணமும் ஆறாவது உருப்படியும்

மனித குலம் இன்று வரை போட்ட திட்டங்களையெல்லாம் ஒரு தட்டிலும், பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் அதிகாரிகள் போட்ட 'இயற்கைக் காட்சி மற்றும் கிராஃப்ட் பீர் சாலைவழிச் சுவைப் பயணத் திட்ட'த்தை மறு தட்டிலும் வைத்தால், இரண்டாவது தட்டுதான் தாழும். இருபத்து மூன்று பக்கம், நான்கு இணைப்பு, மேலே பளபள அட்டை. இதைவிடக் குறைந்த காகிதத்தில் தேசங்கள் போருக்கே கிளம்பியிருக்கின்றன. அவை தோற்றுப்போயும் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

திட்டத்தைத் தீட்டிய மேதைகள் மூவர். முதலாமவர் மேனேஜர். கூட்டம் போடாமல் எதையும் முடிவு செய்ய மாட்டார். கூட்டம் போட்ட பிறகும் செய்ய மாட்டார். இரண்டாமவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பம்பில் கசிவு இருந்தால் அவர் கண்ணில் படாமல் போகலாம், ஆனால் பீரில் 'ஆரஞ்சுத் தோலின் சாயல்' இருந்தால் பத்தடி தூரத்திலேயே மூக்கு வியர்த்துவிடும். மூன்றாமவர் விளம்பரப் பிரிவுக்காரர். போட்டோ எடுக்காத எதுவும் நடக்கவே இல்லை என்பது அவர் கொள்கை.

ஆனால் இவ்வளவு பெரிய ஆட்களைப் பற்றி எழுத நமக்கு ஏது தகுதி? இது அந்தக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பரைப் பற்றிய கதை.

ஸ்டோர் என்பது தொழிற்கூடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்தது. முன்னால் கம்பி வலை. வலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு சதுரம். நட்டு, போல்ட்டு, கிரீஸ், கையுறை என்று எது வேண்டுமானாலும் இண்டென்ட் எனப்படும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தச் சதுரத்தில் நீட்ட வேண்டும். ஒன்பது வருஷமாக ஸ்டோர்கீப்பர் உலகத்தைப் பார்ப்பது அதன் வழியாகத்தான். உலகம் அவரைப் பார்த்ததா என்று கேட்கக்கூடாது. உலகம் சீட்டை நீட்டும், சாமானை வாங்கும், போய்விடும்.

அப்படிப்பட்ட ஜன்னலுக்கு ஒரு நாள் மேனேஜரே நேரில் வந்தார். வாயெல்லாம் பல்.

ஸ்டோர்கீப்பர் பழக்க தோஷத்தில் சீட்டுக்கட்டை முன்னால் தள்ளினார். "என்ன சார் வேணும்?"

"நீங்கதான் வேணும்."

ஸ்டோர்கீப்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு டூர் போறோம். மலைப்பாதை, அருவி, பள்ளத்தாக்கு. நடுநடுவுல கொஞ்சம் பீர். நீங்களும் வரீங்க. நீங்க குடிக்க மாட்டீங்கதானே?"

"ஒத்துக்காது சார். ஒரு வாய் போனாலே உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"ஆஹா!" என்றார் மேனேஜர். ஒருவர் உடம்பு தடிப்பதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை ஸ்டோர்கீப்பர் பார்த்ததே இல்லை. "லைசென்ஸ் இருக்கில்ல?"

இருந்தது. ஸ்டோருக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர். தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரியாத அளவுக்கு அவர் ஒன்றும் மக்கு இல்லை. ஓட்டத்தான். ஓட்டினால் என்ன? நாலு பேர் சேர்ந்து போனால் யாராவது ஒருவர் ஓட்டித்தானே ஆக வேண்டும்? கூப்பிட்டார்களே, அதுதான் பெரிசு. அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. அரை அங்குல போல்ட்டு கேட்டவனுக்கு முக்கால் அங்குலம் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி அவ்வளவு சுலபமாக மயங்கவில்லை.

"ஒன்பது வருஷமா ஒரு டீக்குக் கூட கூப்பிடாதவங்களுக்கு இப்ப என்ன திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?"

"ஃப்ரெண்ட்ஸ்டி. அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"உங்க காதுல பூ சுத்துறாங்க. நல்லா ஆடாம நின்னு சுத்திக்குங்க."

இருந்தும் அவர் ஒரு சட்டை வாங்கினார். நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ போட்டது. வாழ்நாளில் வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் போட்டதில்லை. "இதைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னீங்கன்னா ஏரி பயந்து வத்திடும்" என்றாள் மனைவி. ஆனாலும் தேய்த்து மடித்து வைத்தாள்.

அந்த ஏரி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையில் ஏழாவது வளைவு திரும்பும்போது கீழே ஒரு ஏரி சட்டென்று முழுசாகத் தெரியும். லாரிக் காலத்தில் நூற்றுக்கணக்கான தடவை அதைக் கடந்திருக்கிறார். ஒரு தடவைகூட நிறுத்திப் பார்த்ததில்லை. லோடு ஏற்றிய லாரியை வளைவில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே வம்சத்தைத் திட்டுவான். ஒரு நாள் அங்கே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா நிற்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

முதல் கூட்டம் கண்ணாடி அறையில் கூடியது. அவர் அதற்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"நாம குடிக்கப் போகல" என்று மேனேஜர் கண்டிப்பாகத் தொடங்கினார். "முதல்ல அதைக் கூட்டக் குறிப்புல ஏத்துங்க. அஞ்சு இடத்துல சுவை ஆய்வு பண்ணப் போறோம்."

"அப்புறம் எதுக்கு சார் அஞ்சு கடை?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

தரக்கட்டுப்பாடு முகம் சுளித்தார். "கடை இல்லீங்க. சின்ன அண்டா. அதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் வாழ்க்கையையே அர்ப்பணிச்சு, கையால கிண்டிக் காய்ச்சுறான். நாம போய் அந்த உழைப்புக்கு மரியாதை செலுத்துறோம்."

"ஒவ்வொரு இடத்துலயும் எத்தனை டம்ளர் மரியாதை சார்?"

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. எண்ணிக்கை கேட்பது அவர் தொழில். நான்கு என்று முடிவாகி, அதுவும் குறிப்பில் ஏறியது. பிறகு அவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, ஏழாவது வளைவைப் பற்றிச் சொன்னார். அவை நெகிழ்ந்தது. 'ஏரி: பத்து நிமிடம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு நெருக்கடி. கடை என்று சொல்லக்கூடாத அந்த மூன்றாவது பீர் வீட்டில் புகையூட்டிய புதிய வகை ஒன்று வந்திருப்பதாகத் தகவல். "அதுல ஒரு சோகம் இருக்காம்" என்றார் தரக்கட்டுப்பாடு. "அவசரப்பட்டா பிடிபடாது. ஒரு முக்கால் மணி நேரம் கூட வேணும்." சோகத்துக்கு நேரம் ஒதுக்க இயற்கைதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அருவி ஆறு நிமிடத்திலிருந்து இரண்டானது. ஏரி நான்கானது. அந்தி சாயும் காட்சிமேடை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு மாற்றப்பட்டது.

"அப்ப சூரியன் தலைக்கு மேல இருக்குமே சார்?"

"அது சூரியனோட பிரச்சினை" என்றார் மேனேஜர். "நாம நம்ம நேரத்துக்குப் போயிடணும்."

விளம்பரக்காரர் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். "போட்டோவுல மஞ்சள் கலரை ஏத்திடலாம். சாயங்காலம் ஆயிடும்."

மூன்றாவது கூட்டத்தில் ஏரிக்கான நான்கு நிமிடமும் ஐந்தாவது பீர் வீட்டில் விடைபெறும் டம்ளருக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டோர்கீப்பரின் முகம் விழுந்ததைப் பார்த்த மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. "வண்டி நிக்காது. ஆனா வளைவுல மெதுவாத்தானே போகும்? ஓட்டிக்கிட்டே இடது பக்கம் ஒரு பார்வை பாத்துக்குங்க."

"ஆட்சேபணை!" என்று எழுந்தார் தரக்கட்டுப்பாடு. "மூணு உயிர் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ஓட்டுறவர் ரோட்டைத் தவிர வேற எதையும் பாக்கக்கூடாது. பாதுகாப்புன்னு ஒன்னு இருக்கு."

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் யார் மறுத்துப் பேச முடியும்? 'ஓட்டுநர் இயற்கைக் காட்சிகளைப் பார்ப்பது தடை செய்யப்படுகிறது' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. காரில் எத்தனை உயிர் என்ற கணக்கு ஸ்டோர்கீப்பருக்கு அப்போதே லேசாக உறுத்தியது. ஆனாலும் பரவாயில்லை, எல்லோரும் சேர்ந்து போகிறோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சாகி வந்த திட்டத்தோடு தரக்கட்டுப்பாடு ஜன்னலுக்கு வந்தார். ஸ்டோர்கீப்பர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். 'பயணிகள்' என்ற பக்கத்தில் மூன்று படங்கள், மூன்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே 'பிடித்த கசப்பு'. தன் படத்துக்காக அடுத்த பக்கம் திருப்பினார். அங்கே வரைபடம்தான் இருந்தது. பசை ஒட்டியிருக்குமோ என்று நகத்தால் பிரித்தும் பார்த்தார்.

"சார், என் பேரு விட்டுப்போச்சு போல."

"பயணிகள்னா சுவைக்கிறவங்க. நீங்க சுவைக்கலையே" என்றார் தரக்கட்டுப்பாடு அன்போடு. "கவலைப்படாதீங்க, உங்களை மறந்துடல. இந்தாங்க, குழு உணர்வை வளர்க்குற பயணம்னு சாமானெல்லாம் ஸ்டோர்லேர்ந்து எடுத்துக்க மேலிடம் அனுமதி குடுத்திருக்கு. இண்டென்ட்ல பாருங்க, ஆறாவது உருப்படி."

சீட்டு சதுரத்தின் வழியே வந்தது. ஐஸ் பெட்டி, ஒன்று. முதலுதவிப் பெட்டி, ஒன்று. நைலான் கயிறு, பத்து மீட்டர். டார்ச், இரண்டு. காகித டம்ளர், அறுபது. ஸ்டோர்கீப்பர், ஒன்று. குறிப்பு: திங்கள் காலை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படும். கீழே மேனேஜரின் கையெழுத்து.

அவர் இரண்டு தடவை படித்தார். காது மடல் சுட்டது. மடித்து வைத்த மஞ்சள் பூச்சட்டை ஞாபகம் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. கயிற்றுக்கும் டார்ச்சுக்கும் கீழே தன்னை எழுதியதற்காகக்கூட இல்லை. எழுதியவர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்பதுதான் வலித்தது.

ஆனால் வேலை வேலைதான். ஐஸ் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார். கயிற்றை அளந்து வெட்டினார். டார்ச்சை அழுத்தி எரியவிட்டுக் காட்டினார். டம்ளரை எண்ணினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, ஆறாவது உருப்படியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'இருப்பில் இல்லை.' முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, சீட்டை வெளியே தள்ளினார்.

"என்னங்க இது! நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்!"

"வரவழைக்கணும் சார். ஆறு வாரம் ஆகும்."

சனிக்கிழமை காலை அவரும் மனைவியும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஏழாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் குறிக்கவில்லை. "சட்டை ஒன்னும் அவ்வளவு மோசமில்ல" என்றாள் மனைவி, நடுவில் ஒரு தடவை.

அந்த மூவரின் பயணமும் மாபெரும் வெற்றி. சந்தேகப்படுகிறவர்கள் திங்களன்று வெளியான அறிக்கையைப் படிக்கலாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பெனி வாசலில், மேனேஜரின் கார் பக்கத்தில் மூவரும் கூடினார்கள். ஒருவர் ஒரு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டு ஓட்டினால் தீர்ந்தது. இத்தனை வருஷ நண்பர்கள் ஆயிற்றே, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தார்கள்: "நீங்க ஓட்டுங்க", "சேச்சே, நீங்க ஓட்டுங்க." ஓட்டெடுப்பு நடந்தது; ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. மறு ஓட்டெடுப்பிலும் அதே முடிவு. பதினோரு மணிக்கு, வழித்துணைக்கென்று பீர் அடுக்கி வைத்திருந்த ஐஸ் பெட்டி திறக்கப்பட்டது. சுவை ஆய்வு வண்டி நிற்கும் இடத்திலேயே நிறைவேறியது. பின்னணிக்கு வாட்ச்மேன் அறையிலிருந்து அருவிப் படம் போட்ட காலண்டர் கொண்டுவரப்பட்டது. கடந்த தூரம்: பூஜ்ஜியம் கிலோமீட்டர். விபத்து: இல்லை.

அறிக்கை வெளியான திங்கள் மத்தியானம் மேனேஜர் ஜன்னலுக்கு வந்தார். இந்தத் தடவை பல் தெரியவில்லை.

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை. எவ்வளவு நம்பினோம்! கடைசி நேரத்துல இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே. மனுஷனுக்கு மனுஷன் நட்புன்னு ஒன்னு கிடையாதா?"

ஸ்டோர்கீப்பர் இருப்புப் பதிவேட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகத் தேடினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். மூடி வைத்தார்.

"இல்ல சார். ஒன்பது வருஷத்துல ஒருத்தர்கூட இந்த ஜன்னல்ல அதைக் கேட்டதில்ல. கேக்காத சாமானை நான் வாங்கி வைக்கிறதில்ல."