ஃபாதருக்கு ஒரு ஐஸ் பெட்டி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் பொய் சொன்னதால் ஒரு மனிதர் செத்துப்போனார். ஒரே ஒரு நாள்தான். சரியாகச் சொன்னால், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறே முக்கால் வரை.

எட்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆந்திராவில், சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ் மீடியம் (பேர்தான் இங்கிலீஷ் மீடியம், சார் நடத்தியதெல்லாம் தெலுங்கில்). டிகிரி முடித்துவிட்டு சும்மா இருந்தபோது, சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் ஆள் கேட்டார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பள்ளி அது. அங்கே வேலை செய்யப் பிரேசிலிலிருந்து ஒரு மிஷனரி குடும்பம் வருகிறதாம். கூடவே இருந்து வீடு பிடித்துக் கொடுத்து, கடைகண்ணி காட்டி, பேச்சுக்கு உதவியாக இருக்க வேண்டுமாம். "மூணு பாஷையும் சரளமா வரும் சார்" என்றேன். அவர்கள் என்னைச் சோதித்துப் பார்க்கவில்லை. அது அவர்கள் தப்பு.

வந்தவர் மார்க்கோஸ். நாற்பது வயது, பிசியோதெரபி படித்தவர். மனைவி லூசியா, ஆறு வயது மகள் கிளாரா. அவர்கள் தாய்மொழி போர்த்துகீஸ். இங்கிலீஷ் என் அளவுக்குத்தான். நான் பேசுவது தப்பென்று அவர்களுக்கும் தெரியாது, அவர்கள் பேசுவது தப்பென்று எனக்கும் தெரியாது. மூன்று வாரம் அமோகமாக ஓடியது. வந்த அன்று லூசியா மேட்ரஸ் கேட்டார். நான் ஓடிப்போய் மேட்ச்பாக்ஸ் ஒரு பண்டல் வாங்கி வந்தேன். தேங்க்யூ சொல்லிவிட்டு மூன்று பேரும் தரையில் படுத்துக்கொண்டார்கள்.

தெருவில் எல்லாரும் மார்க்கோஸை 'ஃபாதர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சாமியார் இல்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். "நோ ஃபாதர், பிரதர், பிரதர்" என்று அவரே கெஞ்சிப் பார்த்தார். வெள்ளைக்காரர், கையில் பைபிள், சட்டையில் கழுத்துவரை பட்டன். அப்புறம் ஃபாதர் இல்லாமல் வேறு யார்? நானும் ஃபாதர் என்றேன்.

அன்று இரண்டாவது சனிக்கிழமை. பள்ளிக்கு லீவு. ஒன்பது மணிக்கு நான் போனபோது லூசியா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"கோமதி, ஃபாதர் டைடு" என்றார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். "ஹவ் மேடம்?"

"ஹார்ட்."

"வேர்?"

"ஹாஸ்பிடல்."

"ஃபாதர்... திருப்பதி?" என்றேன். முந்தின நாள் அவர் திருப்பதி போக வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"யெஸ், யெஸ். மார்னிங் பஸ், திருப்பதி. ஈவினிங் கம்."

தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவையும் தெரிந்துகொண்டேன். விடிகாலை பஸ்ஸில் போயிருக்கிறார், வழியில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை, சாயந்திரம் பாடி வருகிறது. சந்தேகத்துக்கு அவர் நம்பருக்கும் போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப். செத்தவர் போனை எடுக்க மாட்டார் அல்லவா, அதனால் உறுதியாகிவிட்டது.

லூசியா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யூ டெல் பீப்பிள். ஹியர், ஹவ் யூ டூ... டூ." இங்கே எப்படிச் செய்வீர்களோ அப்படிச் செய் என்று பொருள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு தொலைத்தேன். அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

வெட்கத்தோடு சொல்கிறேன்: எனக்கு அழுகையும் வந்தது, கூடவே ஒரு சுறுசுறுப்பும் வந்தது. மூன்று வாரமாக காய்கறி பேரம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகப் பெரிய காரியம் கிடைத்திருக்கிறது. பத்து மணிக்குச் சாமியானா. பத்தரைக்கு ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி. பதினொன்றுக்கு ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடி, ஓரத்தில் சீரியல் பல்பு. அப்புறம் ஃப்ளெக்ஸ்.

என் போனில் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேஸ் கனெக்‌ஷன் கிடைத்த அன்று, சந்தோஷத்தில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தபடி எடுத்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சிலிண்டரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைப்புறாவை வைத்தார். கண்ணீர் அஞ்சலி என்று தெலுங்கில், தமிழில், நான் சொல்லச்சொல்ல இங்கிலீஷிலும் அடித்தார். தெருமுனையில் எட்டடி உயரத்துக்கு மார்க்கோஸ் ஒரு புறாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

வீட்டு ஓனர் முனிரத்தினம் சார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவரும் கண் கலங்கித்தான் இருந்தார். ஆனாலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா கோமதி, பாடிய மட்டும் உள்ள எடுத்துக்கினு வராதீங்கம்மா. கிரகப்பிரவேசம் பண்ணி ஆறு மாசம் கூட ஆவல. தெருவுலயே வெச்சுக்கலாம், ஏமண்ட்டாவு, என்ன சொல்ற?"

"அவங்க எங்க சார் போவாங்க, ஊர் தெரியாத ஊர்ல?"

"இந்த மாசம் இருக்கட்டும். அப்புறம் வேற வீடு பாத்துக்கச் சொல்லு" என்றார், குரலைத் தாழ்த்தி.

ஆக, மத்தியானத்துக்குள் மார்க்கோஸுக்கு உயிர் போய், வீடும் போனது.

தெருப்பெண்கள் உள்ளே போய் லூசியாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். மூன்று வாரம் பழகிய வெள்ளைக்காரிக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். லூசியாவும் சேர்ந்து அழுதார். பார்த்தே இராத ஒரு மனிதருக்காக இந்த ஊர் இப்படி அழுகிறதே என்று நெகிழ்ந்துபோனாராம். பிறகு சொன்னார்.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இனிமேல் வருவதைச் சொல்லத்தான் கஷ்டம்.

நாலு மணிக்கு கிளாராவைக் காணவில்லை. தேடிப்போனேன். வீட்டுப் பின்புறம், தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைத் தெருமுனைக்கு அழைத்துப்போய் ஃப்ளெக்ஸைக் காட்டி, "மீ டாடி சச்சிபோயாடு", உங்க அப்பா செத்துட்டார், என்றிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் அவள் கற்றிருந்த தெலுங்குக்கு அது புரிந்துவிட்டது; உள்ளே அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பாப்பாய்?" என்று கேட்டாள். அவர்கள் பாஷையில் அப்பா.

பெரியவளாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, அவள் தலையைத் தடவி, "டோன்ட் க்ரை. யுவர் ஃபாதர் இஸ் வித் ஜீசஸ்" என்றேன்.

என் வாழ்க்கையிலேயே ஒரு பிழைகூட இல்லாமல் நான் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது.

ஆறே முக்காலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாலசமுத்திரத்திலிருந்து பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்த என் நைனா பந்தல் வாசலில் நின்றிருந்தார். அவர் மார்க்கோஸை நேரில் பார்த்ததில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரரின் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தோளைத் தொட்டு, "வாங்க சார். அண்ணனா தம்பியா? அதே ஜாடை. மனச வுட்ராதீங்க" என்றார்.

மார்க்கோஸ் பந்தலைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். ஒரு நாற்காலியில் பாதி எழுந்தபடி உறைந்துபோயிருந்த முனிரத்தினம் சாரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் "ஃபாதர்..." என்றேன்.

"மை ஃபாதர்" என்றார் அவர், நெஞ்சைத் தொட்டுக் காட்டி. "இன் பிரேசில். மை பாப்பாய்."

விடிகாலையில் ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர்கள் ஊரில் ஒரு நாளைக்குள் அடக்கம் செய்துவிடுவார்களாம். எப்படியாவது டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கத் திருப்பதிக்கு ஓடியிருக்கிறார். எந்த விமானம் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போனில் சார்ஜ் போய், ஒரு மனிதர் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறார், தன் சாவு வீட்டுக்கு.

கிளாரா வாசலுக்கு வந்தாள். அப்பாவிடம் ஓடவில்லை. மெதுவாக நடந்துவந்து, அவர் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் அலறினாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் லூசியாவோடு வெளியே வந்தார். கையில் லூசியாவின் போன். அங்கே அப்போது காலை பத்து மணி, அடக்கம் நடந்துகொண்டிருந்தது. வீடியோ காலில் யாரோ காட்டிக்கொண்டிருந்தார்கள். "சிட், ப்ளீஸ்" என்றார் எல்லாரையும் பார்த்து. போனை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். முனிரத்தினம் சார் தோள் துண்டால் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

காலிப் பெட்டிமேல் சாய்த்து வைத்த போனில் நாங்கள் ஒரு சவ அடக்கம் பார்த்தோம். அங்கே மழை. குடைக்குக் கீழே ஏழெட்டுப் பேர்தான் நின்றார்கள். பெட்டி குழிக்குள் இறங்கும்போது மார்க்கோஸ் ஏதோ பாட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். காலையிலிருந்து அழுத பெண்கள் மறுபடியும் அழுதார்கள், இந்த முறை சரியான ஆளுக்கு. நைனா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் போன்மேல் போட்டார். படம் மறைந்தது. பதறிப்போய் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன் (தெலுங்கில் எழுதியது, இங்கிலீஷைத் தொடும் துணிச்சல் போய்விட்டது). மார்க்கோஸ் அதை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "மை ஃபாதர், தேர், எய்ட் பீப்பிள். ஹியர், ஃபுல் ஸ்ட்ரீட்" என்றார். லூசியா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். கிளாரா அடுத்த ஆறு மாதம் அப்பா குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நடுநடுவே தட்டுவாள். உள்ளேயிருந்து அவர் குரல் கொடுக்க வேண்டும். ஓனர் சார் வீட்டைக் காலி செய்வது பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது அவர்கள் திருச்சானூர் பக்கம் குடியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பள்ளி. மார்க்கோஸ் போன் செய்தால், "நான் செத்துப்போன ஃபாதர் பேசறேன்" என்றுதான் தமிழில் ஆரம்பிப்பார். எல்லா கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் குடும்பத்தோடு போவோம். பிரியாணி முடிந்ததும் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். சிலிண்டர், புறா, நைனாவின் "அண்ணனா தம்பியா" எல்லாம் வரும். லூசியாகூட இப்போது கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

கிளாராவுக்குப் பதினாலு வயது. என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் கதை தொடங்கியதும் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் அவள் அப்பாவை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். கதை முடிகிறவரை அவர் சட்டைக் கையைப் பிடித்திருப்பாள். சிரிக்க மாட்டாள்.