வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது

டாக்டரின் கடிதத்தை நான்காம் முறை படித்துவிட்டுக் கணக்கு டீச்சர் மேஜைமேல் ஏறினார். வகுப்பு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. பழைய சார்ட் அட்டைகளை ஒட்டித்தான் வெயிலை மறைக்க வேண்டும்.

நெற்றியில் வாலிபால் பட்டு மூளை குலுங்கிப்போன மாணவி, இரண்டு வாரம் வீட்டில் படுத்திருந்துவிட்டு அன்றுதான் எட்டாம் வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். கண் கூசும் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தலை வலித்தால் உடனே ஓய்வு என்று கடிதம் சொன்னது. பந்து பட்ட அன்று, "ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சிட்டு உட்காரு" என்று சொன்னவர் கணக்கு டீச்சர்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்ப கண்ணு கூசுதாம்மா?"

"இல்ல மிஸ்."

"மிஸ், போர்டே தெரியல" என்றது கடைசி பெஞ்ச்.

சரி, கணக்கை வாயால் சொல்லிவிடலாம் என்று டீச்சர் தொடங்கினார். மூன்று வகுப்பு தள்ளிக் கேட்கும் குரல் அவருக்கு. முதல் வரியிலேயே மாணவி காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் வரியிலிருந்து டீச்சர் கிசுகிசுத்தார்.

"மிஸ், ஒண்ணுமே கேக்கல!"

"எல்லாரும் பெஞ்ச முன்னாடி இழுத்துப் போடுங்க."

பத்தொன்பது பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தன. மாணவிக்கு நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது.

ஆசிரியர் அறையில் படுக்கவைக்க ஏற்பாடாயிற்று. "துணைக்கு யாரு போறீங்க?" என்று டீச்சர் கேட்டார். முப்பத்தேழு கைகள் உயர்ந்தன. எல்லோருக்கும் முறை வரும்படி அட்டவணை போட வேண்டியதாயிற்று.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. இருட்டில் டீச்சர் கிசுகிசுப்பார். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்பார்கள். வராந்தாவில் அடிக்கும் மணி மட்டும் ஒவ்வொரு தடவையும் அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

"துணி சுத்திடட்டுமா டீச்சர்?" என்றார் பியூன்.

"நல்லா இறுக்கிச் சுத்துங்க."

அன்று சாப்பாட்டு இடைவேளை முடியவேயில்லை. இரண்டரை மணிக்கும் பாதிப் பள்ளிக்கூடம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் மணியைத் தேடி வந்து, இருட்டு வகுப்பின் வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர் நடக்குது இங்க?"

டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா சார்."

இருபது வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீதித் திட்டு முழுவதையும் அவர் கிசுகிசுத்தே முடித்தார். "அந்தப் பொண்ணோட அம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க. இன்னும் எத்தன நாள்னு கேட்டுடுவோம்."

மறுநாள் அம்மா வந்தார். வகுப்பு வாசலிலேயே டீச்சர் பேச்சை ஆரம்பித்தார். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்தை, பந்து பட்ட அன்று தான் சொன்னதை, ஒப்புக்கொண்டுவிடத்தான் நினைத்தார். "அம்மா, உங்க பொண்ணு சீக்கிரம் குணமாகணும். என்னால ஆனதெல்லாம் செய்யறேன்..."

அம்மா விழித்தார். "அவளுக்குத்தான் பத்து நாளைக்கு முன்னாடியே சரியாயிடுச்சே மிஸ்! எல்லாரையும் போல இருக்கலாம்னு டாக்டர் இன்னொரு லெட்டர் குடுத்தாரே. அவ உங்ககிட்ட குடுக்கலயா?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு மொத்தமும் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டது.

முதல் பெஞ்சிலிருந்து இரட்டைச் சடைக்காரி எழுந்தாள். ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து, எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அவ மேல தப்பில்ல மிஸ், பிடுங்கி வெச்சது நாங்கதான்... அவளுக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா நீங்க பழையபடி கத்த ஆரம்பிச்சிடுவீங்களே!"