கைப்பிடியில் தொங்கிய விமானம்

விமானத்தின் மூக்கு ஜேஜு தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வால் இன்னும் கிம்போ விமான நிலையத்தை விட்டுக் கிளம்பவில்லை.

நடுவில் இருக்கவேண்டிய உடம்பு எங்கே போயிற்று என்று கில்சு திரையை உற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டர் முக்கியது, முனகியது, வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு இறக்கையை அனுப்பி வைத்தது. மற்ற இறக்கை வருவதற்குள் கடல் வந்துவிட்டது.

"முழுகிடுச்சா?" பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி மல்சூன் கேட்டாள்.

"முழுகலை. இது தண்ணியில இறங்கற பயிற்சி."

"நேத்து மலையில இறங்கற பயிற்சி பண்ணீங்க."

கில்சு விமானத்தை மறுபடி கிம்போவில் கொண்டுபோய் நிறுத்தினார். நகரக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவுக்கே தலைவர் அவர். அங்கே அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. அவர் முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள்.

தப்பு கம்ப்யூட்டர்மேல் என்பது அவர் தீர்ப்பு. மேகம், அலை, புல்லின் நுனி என்று விளையாட்டில் எதையெல்லாம் கூட்டலாமோ அத்தனையையும் அவர் உச்சத்தில் ஏற்றி வைத்திருந்தார். கொஞ்சம் இறக்கி வைத்தால் ஓடும்தான். ஆனால் இறக்கி வைப்பதெல்லாம் பொதுமக்கள் செய்கிற வேலை.

தனியாக முழுகிக்கொண்டிருந்தவரை யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. வினை, மகள் போரமின் கல்யாணப் பேச்சில் வந்தது. இரண்டு வீட்டாரும் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்ட விருந்து. மாப்பிள்ளையின் அப்பா மேங், விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற கேப்டன். வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், புதிதாக எழும்பிய உயரமான அடுக்ககத்தில். கில்சுவின் வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், திறந்த நடைபாதையில் வரிசையாகக் கதவுகள் வைத்த பழைய கட்டடத்தில். அது ஒன்றே போதும், சோறு இறங்காமல் போக.

கேப்டன் வாடிய முகத்தோடு சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது சும்மா இருந்தால் கில்சுவுக்கு அது காலிக் குடம் மாதிரி, நிரப்பாமல் விடமாட்டார்.

"நானும் பறக்கறவன்தான் கேப்டன்! கம்ப்யூட்டர்ல. ஆனா பாருங்க, அதுதான் நிஜத்தைவிடக் கஷ்டம். நிஜத்துல விமானம் நமக்கு ஒத்தாசை பண்ணும்."

மேஜைக்கு அடியில் போரம் அப்பாவுக்கு ஓர் உதை விட்டாள். அது சம்பந்தியம்மாவின் காலில் விழுந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், காலை நகர்த்திக்கொண்டாள், இன்னொரு துண்டு இறைச்சி எடுத்துக்கொண்டாள்.

"அப்படியா? ஒருநாள் வந்து பாக்கணும்" என்றார் கேப்டன், மரியாதைக்கு.

மரியாதைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளலாமா? கில்சு பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை! சாப்பாடு எங்க வீட்டுல. உங்களைக் கிம்போவுலேர்ந்து ஜேஜுவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்!"

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறேன் என்று நாள் குறித்துவிட்டான்.

வீடு திரும்பும் வழியில் போரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, அன்னைக்கு நாம கேலிப்பொருளாயிட்டா, அந்த வீட்டுல நான் எப்படிப்பா தலைநிமிர்ந்து நடப்பேன்?"

ஆகவே புதுக் கம்ப்யூட்டர் அவசியமாயிற்று. பணம்? மல்சூன் கிம்ச்சி ஊறுகாய்க்கென்று தனி ஃப்ரிட்ஜ் வாங்க ஒரு ஜாடியில் சேர்த்து வைத்திருந்தாள். இருக்கிற ஃப்ரிட்ஜ் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது.

"பாதி தர்றேன், போரம் மானத்துக்காக. மீதியைத் தொட்டீங்க, உங்களையே உப்புப் போட்டு ஜாடியில அடைச்சிடுவேன்."

யோங்சான் கடைத்தெருவில் ஒரு கடைக்காரன் அவர் சொன்ன தொகையைக் கேட்டான், தலையை ஆட்டினான். "இதுக்கு அடக்கமா ஒரு செட் போட்டுத் தர்றேன் சார். ப்ராசஸர் கொஞ்சம் நல்லதா, கிராபிக்ஸ் கார்டு சுமாரா. விமான விளையாட்டுக்கு அது தாராளம். மேகத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்குங்க, ஜம்முனு பறக்கும்."

"சுமாரா? என் மூஞ்சியைப் பாத்தா சுமாரான ஆளு மாதிரியா தெரியுது?"

கடைக்காரன் பார்த்தான். வியாபாரி என்பதால் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று விசிறி வைத்த ஒரு கிராபிக்ஸ் கார்டு, ராஜகுமாரி மாதிரி படுத்திருந்தது. கில்சு கொண்டுவந்த பணம் முழுவதையும் அதன் காலடியில் வைத்தார். வீட்டுக்கு வந்து பழைய கார்டைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நுழைத்தார். அது பெட்டிக்குள் போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், குப்புறப் போட்டுப் பார்த்தார்.

"கட்டிலை வாங்கிட்டு வந்து அறையை அளக்கறீங்களே" என்றாள் மல்சூன்.

"கார்டு சரியாத்தான் இருக்கு. பெட்டிதான் சின்னது."

பெரிய பெட்டி வாங்கப் பணம் வேண்டும். அக்கம்பக்கத்தார் பழைய சாமான்களை விற்று வாங்கிக்கொள்ள ஓர் ஆப் உண்டு. செய்தி வந்தால் செல்போன் வாத்து மாதிரி "குவாக்" என்று கத்தும். மீட்டர் பிரிவுத் தலைவர் பழைய சாமான் விற்கிறார் என்று ஊரில் தெரியலாமா? அதற்கும் வழி இருந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை. சாமானைப் பையில் போட்டு நம் வீட்டு வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டால், வாங்குபவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். பணம் ஆப் வழியாக வந்துவிடும். கில்சு அங்கே தனக்கு 'வான்கழுகு' என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

பழைய கார்டைப் போட்டதும் குவாக். 'முள்ளங்கிக்கீரை' என்ற பெயரில் ஓர் ஆள்.

"இது நல்லா வேலை செய்யுங்களா?"

"எனக்குத்தான் போதாது. உங்களை மாதிரி அரிச்சுவடி ஆளுங்களுக்கு இதுவே ஜாஸ்தி."

"நன்றிங்க. எங்க வீட்டுல ஒண்ணு வேலை வெட்டி இல்லாம சுவத்தையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்குத்தான்."

உதவாக்கரைப் பிள்ளை என்று கில்சுவுக்குப் புரிந்துவிட்டது. "செல்லம் குடுத்துக் கெடுத்திருக்கீங்க. ரெண்டு அதட்டல் போட்டு வேலைக்குத் துரத்துங்க."

"அதட்டிப் பாத்தாச்சுங்க. மசியலை."

கார்டு போயிற்று. பழைய பெட்டியையும் அதே முள்ளங்கிக்கீரைதான் கேட்டது. பெட்டியைக் கிம்ச்சி போடும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, கைப்பிடியில் மாட்டினார். சாயங்காலம் பெட்டி இல்லை. கைப்பிடி மட்டும், திட்டு வாங்கிய குமாஸ்தா மாதிரி, தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

பெரிய பெட்டி வந்தது. கார்டு உள்ளே போனது. சுவிட்சைத் தட்டினார், மூன்று விசிறியும் ஒருமுறை சுற்றிவிட்டு நின்றுபோயின. பழைய பவர் சப்ளைக்கு அந்த ராஜகுமாரிக்குத் தீனி போட வக்கில்லை. அதை விற்றுப் பெரியது வாங்கினார். இப்போது விசிறிகள் சுற்றின, விமானம் கிளம்பியது. அதே பழைய கதைதான், மூக்கு இங்கே, வால் அங்கே. என்ன வித்தியாசம் என்றால், இப்போது வால் மிகத் துல்லியமாகத் தெரிந்தது.

"ப்ராசஸர் மந்தம்" என்று கண்டுபிடித்தார். கடைக்காரன் முதல் நாளே சொன்னதுதான். ஆனால் தானே கண்டுபிடித்தால்தான் அது அறிவு.

புது ப்ராசஸர் பழைய மதர்போர்டில் பொருந்தவில்லை. மதர்போர்டு மாறியது. பழைய மெமரி புது மதர்போர்டில் பொருந்தவில்லை. கழற்றியதெல்லாம் கைப்பிடிக்குப் போயிற்று. கைப்பிடியிலிருந்து முள்ளங்கிக்கீரைக்குப் போயிற்று. பழையது என்ன விலைக்குப் போகும், புதியது என்ன விலைக்கு வரும்? மல்சூன் ஜாடியில் மூடி வைத்த மறுபாதியிலும் அவர் கை நுழைந்தது. ராத்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சாப்பிட்டார்.

இதற்கிடையில் அவருக்கும் முள்ளங்கிக்கீரைக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டிருந்தது. முகம் தெரியாதவரிடம்தானே மனிதன் மனதைத் திறக்கிறான்.

"நீங்க குடுத்ததெல்லாம் பிரமாதமா ஓடுதுங்க. மேகத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வெச்சோம்."

"மேகத்தைக் குறைக்கறவனெல்லாம் ஒரு விமானியா? உங்க வீட்டு ஆளுகிட்ட சொல்லுங்க."

"சொல்றேங்க. நீங்க எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"எனக்கு ஒரு சம்பந்தி வாய்ச்சிருக்கார். கேப்டனாம்! பஸ் டிரைவருக்கு ரெக்கை முளைச்ச கதை. பட்டனைத் தட்டினா விமானம் தானாப் போகுது. இவரு உள்ள உட்கார்ந்து சோறு தின்னுட்டு இறங்கி வருவாரு. அவரு சம்சாரம் ஒரு ஊமைக்கோட்டான். விருந்துல வாயைத் திறந்தது இறைச்சிக்கு மட்டும்தான். சனிக்கிழமை ரெண்டு பேரு மூக்கையும் உடைக்கப் போறேன்."

வெகுநேரம் வாத்து கத்தவில்லை. பிறகு கத்தியது.

"அப்படிங்களா. விமானத்தைத் திருப்பற ஜாய்ஸ்டிக் ஏதாவது விக்கறதா இருந்தா சொல்லுங்க."

புது மெமரிக்குக் கொஞ்சம் பணம் குறைந்தது. கில்சு ஜாய்ஸ்டிக்கையும் கைப்பிடியில் மாட்டினார். விரல் இருக்கும்போது விசைப்பலகை போதாதா?

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஆகஸ்ட் மாத வெயில். கேப்டன் மேங் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே சிரித்த முகமாக இருந்தார். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது, பத்து வயது குறைந்திருந்தது. நம் வீட்டுக்கு வருகிற குஷி என்று கில்சு எடுத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா உள்ளே வரவில்லை. கதவருகே நின்று, தொங்கிய கைப்பிடியை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"அது டிஜிட்டல் பூட்டு சம்பந்தியம்மா. சாவி வேண்டாம், நம்பரைத் தட்டினா திறக்கும்" என்று கில்சு விளக்கினார். அவர்கள் அடுக்ககத்தில் முகத்தைக் காட்டினாலே திறக்கும். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

ஏசி ஓடியது. மேஜைமேல் மின்சார அடுப்பில் மல்சூன் மாட்டு விலா எலும்பைப் பரப்பினாள். மூலையில் ஃப்ரிட்ஜ் இழுத்துக்கொண்டிருந்தது. கில்சு பெரிய பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். கிம்போ ஓடுபாதை புல்லின் நுனி உட்படப் பளிச்சென்று விரிந்தது.

"ஆகா!" என்றார் கேப்டன், மனதார. "ஜாய்ஸ்டிக் இல்லீங்களா?"

"கை தேர்ந்தவங்களுக்கு எதுக்கு கேப்டன் அதெல்லாம்?"

கேப்டன் இருமினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள்.

விமானம் எழும்பியது. வாலும் மூக்கும் ஒன்றாகவே போயின. கில்சுவின் நெஞ்சு விம்மியது. அந்த நேரம் பார்த்து 'டப்' என்று வீடு முழுக்க இருண்டது. பழைய வீட்டு மின்சாரம் இத்தனை பேருக்குச் சோறு போடவில்லை.

ஏசியை நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பினார்கள். எல்லோருக்கும் வியர்த்தது. கடல் தெரியும்போது மறுபடி டப். அடுப்பை நிறுத்தினார்கள். விலா எலும்பு பாதி வெந்து, பாதி மாடாகவே கிடந்தது. மறுபடி டப்.

"அந்த ஃப்ரிட்ஜையும் பிடுங்கு!" என்று கில்சு கத்தினார்.

"வேண்டாங்க, அது ஒரு தடவை நின்னா..."

"பிடுங்குன்னா பிடுங்கு! ஜேஜு தெரியுது!"

போரம் பிடுங்கினாள். ஃப்ரிட்ஜ் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, அதுவே கடைசி. இப்போது வீட்டு மின்சாரம் முழுக்க ஒரே விமானத்துக்கு. கேப்டனே எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கில்சு இறங்குவதற்குக் கீழ்விசையை அழுத்தினார். ஜாய்ஸ்டிக்கில் இழைக்கவேண்டிய வேலையை விரலால் இடித்தால் என்ன ஆகும்? விமானம் கிணற்றில் போட்ட வாளி மாதிரி நேராகப் போய், ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் செருகிக்கொண்டது. ஒவ்வோர் ஆரஞ்சும் தனித்தனியாகத் தெரிந்தது.

"காத்து கொஞ்சம் பலம் போல" என்றார் கேப்டன். பெரிய மனிதர்.

மல்சூன் ஃப்ரிட்ஜை மறுபடி செருகிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்த முகம் மாறாமல் கணவனின் காதருகே குனிந்தாள். "மீதிப் பணம் ஜாடியில இல்லைன்னு எனக்கு நேத்தே தெரியும். நாளைக்கு இந்தப் பூதம் வெளியே போகணும், ஃப்ரிட்ஜ் உள்ளே வரணும். இல்லைன்னா ஜாடிக்குள்ள நீங்கதான்." போரம் தலையைக் குனிந்துகொண்டு ஆறிப்போன சோற்றைக் கிளறினாள்.

கில்சு எழுந்து பால்கனிக்குப் போனார். வியர்த்த விரலால் செல்போனில் தட்டினார்: "அனுபவம் மிக்க விமானியின் கம்ப்யூட்டர். முழு செட். அவசர விற்பனை. வழக்கம்போல் கைப்பிடியில்." முள்ளங்கிக்கீரைக்கு அனுப்பினார்.

கூடத்தில் ஒரு வாத்து கத்தியது.

கில்சு தன் செல்போனைப் பார்த்தார். அது மௌனமாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா மடியில் இருந்த கைப்பையைத் திறந்தாள், மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், செல்போனை நிதானமாக ஒரு முறை படித்தாள். பிறகு இத்தனை நாளில் முதல்முறையாக அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"கதவுல மாட்டாதீங்க சம்பந்தி, கைப்பிடி ஏற்கெனவே தொங்கிப் போச்சு, எங்க வீட்டு பஸ் டிரைவரே தோள்ல தூக்கிட்டு வந்துடுவாரு."