கைப்பிடி: காலி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்க மாட்டீர்களா பின்னே, உங்கள் வீட்டுக் கதவுகளில் கைப்பிடி இருக்கிறதே. இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். போனிலேயே உன்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன், நான் குரலை உயர்த்தினால் உன் அக்காள் போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியாடா தம்பி?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

உன் கம்பெனி மென்பொருளை எங்கள் கதவுத் தொழிற்சாலைக்குச் சிபாரிசு செய்தவன் நான். "என் மச்சினன் செஞ்சது சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று முதலாளியிடம் சொன்னவனும் நான். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார். கடைக்காரர்கள் அனுப்பும் ஆர்டரெல்லாம் எக்ஸ்எம்எல் என்கிற உருவத்தில் வரும். அகலம், உயரம், மரம், கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் பெயர். உங்கள் மென்பொருள் அதை வாங்கி எங்கள் தொழிற்சாலைக் கணினியிடம் ஒப்படைக்கும். இதில் கைப்பிடிப் பெட்டியை எந்தக் கடைக்காரனும் நிரப்பியதே இல்லை. எதற்கு நிரப்ப வேண்டும்? காலியாக விட்டால் வழக்கமான உருண்டைக் கைப்பிடி என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் மென்பொருளும் நல்ல பிள்ளையாக, காலிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடும். பெட்டியே வராததால் எங்கள் கணினி தானாக உருண்டையைப் போட்டுக்கொள்ளும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் புதுப் பதிப்பு என்று ஒன்றை ஏற்றினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. இப்போது காலிப் பெட்டியும் பத்திரமாக வந்து சேருகிறது. எங்கள் கணினி அதைத் திறந்து பார்த்து, "கைப்பிடி: ஒன்றுமில்லை" என்று படித்துவிட்டு, மொட்டைக் கதவாகச் செய்யச் சொல்கிறது. செய்கிறவர்களுக்காவது கண் இருக்க வேண்டாமா என்று கேட்டால், "சீட்டுல கைப்பிடி இல்லைன்னு வந்துச்சு சார், புது ஃபேஷன்னு நினைச்சோம்" என்கிறார்கள்.

முதல் மொட்டைக் கதவு ஒரு பல் டாக்டரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்பக்கமாகத் திறக்கும், தானே சாத்திக்கொள்ளும் கதவு. வெளியே இருப்பவன் தள்ளினால் உள்ளே போய்விடலாம். உள்ளே இருப்பவன் இழுத்தால்தான் வெளியே வரலாம், எதைப் பிடித்து இழுப்பான்? அந்தப் பொறியில் போய் மாட்டிய முதல் ஆள் யார் தெரியுமா? எங்கள் முதலாளி! பல் மரத்துப்போக ஊசி போட்டதும் பயந்துபோய் எழுந்து ஓடியிருக்கிறார், கதவு விடவில்லை. அங்கிருந்தே எனக்குப் போன்.

"யோவ், ஹைப்பிழி எங்கய்யா?"

"சார், சரியாக் கேக்கலை சார்."

"ஹைப்பிழிய்யா! ஹதவுக்கு ஹைப்பிழி!"

எனக்கு ஏதோ மாத்திரையின் பெயர் மாதிரிக் கேட்டது. "மருந்துக் கடையில விசாரிக்கிறேன் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். டாக்டர் பல் பிடுங்கும் குறடால் கதவின் ஓரத்தைக் கவ்வி இழுத்துப் பார்த்திருக்கிறார், குறடுதான் வளைந்தது. முதலாளி வேறு வழியில்லாமல் நாற்காலிக்கே திரும்பிப்போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு, வெளியே போயிருந்த நர்ஸ் வந்து கதவைத் தள்ளிய பிறகுதான் விடுதலையாகியிருக்கிறார். நேரே தொழிற்சாலைக்கு வந்து, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "திங்கக்கிழமைக்குள்ள இது சரியாகணும். இல்லைன்னா உன் மச்சினன் சாஃப்ட்வேரும் வெளியே, நீயும் வெளியே."

உனக்குப் போன் செய்தால் நீ பாடம் எடுக்கிறாய். "இல்லாதது வேற, காலியா இருக்கிறது வேற அத்தான். தலையில முடி இல்லாத ஆளும் தலையே இல்லாத ஆளும் ஒண்ணா?" இத்தனை பெரிய உலகத்தில் உதாரணத்துக்கு என் தலைதானா கிடைத்தது? அதைக் கேட்டு உன் அக்காளுக்கு ஒரே பெருமை. ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்பதும், நான் பதில் சொல்லாமல் பேப்பர் படிப்பதும், வழக்கமானது தட்டில் வருவதும் கல்யாணமான நாளிலிருந்து நடப்பது. நேற்று வெறும் தட்டு வந்தது.

"சாப்பாடு எங்கே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் வைக்கலை. புதுப் பதிப்பு."

ஆகவே மைத்துனா, விளையாட்டை விட்டுவிட்டு, காலிப் பெட்டியைப் பழையபடி தூக்கிப் போடச் சொல் அந்த மென்பொருளை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறதடா. இந்த வயதில் ஆர்டர் பிரிவை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? கடைக்காரர்கள் அந்தப் பெட்டியில் "உருண்டை" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்கிறாயே, அவர்கள் எழுதவே மாட்டார்கள், நான் கேட்கவும் மாட்டேன். உன்னைப் போல ஒரு தறுதலையை நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். உனக்கு ஆசீர்வாதம் உண்டா என்பது திங்கட்கிழமை தெரியும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(தலை இருக்கிறது)

பின்குறிப்பு: எதையும் மாற்றாதே! கையை எடு! முதலாளி இப்போதுதான் கூப்பிட்டார். வாய் தெளிவாகிவிட்டது, வலியும் போய்விட்டது. அந்த நாற்காலியிலிருந்து மூன்று தடவை தப்பி ஓடியவராம். கதவு மட்டும் விட்டிருந்தால் நாலாவது தடவையும் ஓடியிருப்பேன் என்கிறார். இன்றைக்கு ஒரு நோயாளியும் ஓடவில்லை என்று டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா அறைக்கும் அதே கதவு கேட்கிறார், நர்ஸ் மட்டும் வெளியிலேயே இருப்பாராம். தெரிந்த டாக்டர்களிடமும் சொல்லிவிட்டாராம். "உன் மச்சினன் மூளைக்காரன்யா" என்றார் முதலாளி. மற்றக் கதவுகளுக்குப் பெட்டியில் "உருண்டை" என்று எழுதச் சொல்லிக் கடைக்காரர்களுக்கு நானே தாக்கீது அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? இவ்வளவையும் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் மேலே உன்னைத் திட்டியிருக்கிற இடங்களையெல்லாம் காலியாக எடுத்துக்கொள். பழைய காலி இல்லை, அப்படி எடுத்தால் வழக்கமான திட்டு என்று ஆகிவிடும். புதுக் காலி.