ப்ரவுசர் புரோக்கரும் ஊதா உருண்டையும்

ஒரு மாப்பிள்ளையை எடைபோட ஜாதகம் தேவையில்லை, அவன் போனில் இன்டர்நெட் பார்க்கிற ப்ரவுசரைத் திறந்து காட்டினால் போதும் என்று அடித்துச் சொன்ன ஒரே கல்யாணப் புரோக்கர், ஹட்டனில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே எங்கள் ஆளாகத்தான் இருப்பார். அக்கரப்பத்தனைப் பக்கம் லயத்து வரிசைவீட்டுப் பொடிசுகள் முதல் தேயிலைத் தோட்டத்துத் துரை வரைக்கும் அவர் ‘ப்ரவுசர் புரோக்கர்’தான். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். பிறகு, “தம்பி, போனக் கொஞ்சம் குடுங்க” என்று கையை நீட்டுவார். போட்டோ, மெசேஜ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அதெல்லாம் அசிங்கம் என்பார். ப்ரவுசரை மட்டும், டாக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்ப்பார்.

ப்ரவுசர்களின் பெயர் ஒன்றும் அவர் வாயில் நுழையாது. எல்லாம் படத்தை வைத்துத்தான். நாலு நிறத்து வட்டம் வைத்திருப்பவன் ஊரோடு ஒத்துப்போவானாம், ஆனால் வீட்டில் இருக்கிற பேட்டரியையெல்லாம் தின்றுவிடுவானாம். நரிப் படக்காரன் கொள்கைவாதி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து விவாதம் பண்ணுவான். சிவப்பு வளையத்துக்காரன் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறவன், பொண்டாட்டி நகை அடகுக்குப் போகாது. குக்கீஸ் ஏற்கிறீர்களா என்று கேட்டால் வாசிக்காமலே ஓகே அமுக்குகிறவன், நாளைக்கு ஜாமீன் கையெழுத்தையும் அப்படித்தான் போடுவான் என்பது அவருடைய உறுதியான முடிவு.

கினிகத்தேனையில் ஒரு கடைக்காரர் மகன். அவன் போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்திக்கொண்டே இருந்தது. நோட்டிபிகேஷன் அனுப்பட்டுமா என்று கேட்ட அத்தனை சைட்டுக்கும் மகராசன் சரி என்றிருக்கிறான். “ஆத்தா கேட்டாலும் சரிம்பான், பொண்டாட்டி கேட்டாலும் சரிம்பான், நடுவுல கெடந்து சாவான்” என்றார் புரோக்கர். கடைசியில், கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்கிற ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார். இரண்டு பேரும் ஜாம் ஜாமென்று இருக்கிறார்கள். இன்னொருவன் ப்ரவுசரில் நூற்றுக்கணக்கில் பக்கங்களை மூடாமல் திறந்து போட்டிருந்தான். அவனுக்கு, போகிற இடத்திலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டே போகிற ஒரு டீச்சர் அமைந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கை வைத்த கல்யாணம் ஒன்றும் முறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் போனில் நாலு ப்ரவுசர் இருந்தன. அதில் ஒன்று, வாங்கும்போதே போனோடு வந்த ஊதா உருண்டை. அதை அவர் வேண்டுமென்று திறப்பதே கிடையாது. அதுவோ கைதவறித் திறக்கிறபோதெல்லாம், ‘இனிமேல் என்னையே வைத்துக்கொள்கிறாயா’ என்று கேட்டு உயிரை வாங்கும். இவரும் சலிக்காமல், “இப்ப வேணாம் தம்பி” என்று வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டு அமுக்குவார். தூக்கி எறிய வேண்டியதுதானே என்று நான் ஒரு நாள் கேட்டேன். “வீட்டோட வந்த புள்ளம்மா அது, வெளிய போன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

எனக்கு வரன் தேடத்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அப்பா தோட்டத்தில் கங்காணி. ஆவணிக்குள் என்னைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கோ கொழும்பில் பத்திரிகைத் துறைப் படிப்பு ஒன்றின் மேல் ஆசை. விண்ணப்பிக்க அந்த மாதம்தான் கடைசி. வாயைத் திறந்து சொல்ல தைரியமில்லை. அந்தப் படிப்பின் விண்ணப்பப் பக்கத்தை மட்டும் போனில் மூடாமல் வைத்திருந்தேன். கல்யாண சைட்டில் என் படத்தைப் போட என் போனை வாங்கிய புரோக்கர் அதைப் பார்த்துவிட்டார்.

“இது ரொம்ப நாளா தொறந்து கெடக்கு போல. மூடிறவா?”

“வேணாங்க, இருக்கட்டும்” என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அதை மூடாமலே படத்தை ஏற்றிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

அடுத்த ஞாயிறு நுவரெலியாவிலிருந்து மாப்பிள்ளை வந்தார். ஹோட்டல் ஒன்றில் கணக்கு வேலை. நல்ல முகம், நல்ல பேச்சு. அம்மா வடை தட்டும்போதே சம்பந்தி ஆகிவிட்டாள். புரோக்கர் போனை வாங்கினார், பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“அண்ணே, சரிப்படாதுங்க. ஊதா உருண்டைய இன்னும் தூக்காம வச்சிருக்காரு. தானா வந்து ஒட்டுனத வெட்டி விடத் தெரியாதவரு. நம்ம புள்ளைக்கு ஒத்துவராது.”

மாப்பிள்ளை, அது போனோடு வந்ததுங்க என்று மென்று விழுங்கினார். என்ன பிரயோசனம்? புரோக்கர் வாக்கு அப்பாவுக்கு வேதவாக்கு. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அம்மா அடுப்போடு சண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

புரோக்கரைப் பிடிக்க நான் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். உங்கள் போனிலும் அதே உருண்டைதானே இருக்கிறது என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

“இருக்கு” என்றார், குடையை விரித்துக்கொண்டே. “அந்தத் தம்பி தங்கமான புள்ள. அவருக்கு வேற பொண்ணு பாத்துருவேன். நீ ஒரு பக்கத்த மூட மனசில்லாம வச்சிருக்கியே, அத என்னம்மா பண்ணப் போற?”

எனக்கு அழுகைதான் வந்தது. மறுநாளே அவர் மறுபடி வந்து அப்பாவிடம், புள்ளை போனில் ஒரு படிப்பு திறந்து கிடக்கிறது, அது முடிகிற வரைக்கும் எந்த வரனும் ஒட்டாது, தன் கணக்கு ஒருநாளும் பிழையாகிப் போனதில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு, “என்ன படிப்பு அது?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே, காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்து மேட்டில் சிக்னல் பிடித்து விண்ணப்பித்தேன். அந்த மாப்பிள்ளைக்குத் தை மாதம் நானுஓயாவில் பெண் அமைந்தது. ஊதா உருண்டையைப் பற்றி அந்த வீட்டார் கேட்டதற்கு, வந்ததை விரட்டாத குணம், லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வாய்க்கும் என்றாராம் புரோக்கர்.

படித்து முடித்து, இப்போது எழுதிப் பிழைக்கிறேன். போன வருஷம் வாங்கிய என் புதுப் போனிலும் அந்த உருண்டை கூடவே வந்திருக்கிறது. திறந்தால், என்னையே வைத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறது. எனக்கு நரிதான் பழக்கம். ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே எப்போதாவது அதைத் திறந்து, “இப்ப வேணாம் தம்பி” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.